ஐப்பசி மழை வருகிறது: கூட்டையும் கொட்டிலையும் இப்போதே பாருங்கள்

பின்னேரம் இரண்டு மணிக்கே மலை இருட்டத் தொடங்கிவிட்டது. ஹட்டன் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேல் மழையில் நனைந்து முடிந்தது. ராகலை, ஹல்கரனோயா, உடப்புசல்லாவைக்காரர்களான நமக்குப் பெருமழை இனித்தான். ஐப்பசியில் இடியோடு பிடித்து, வடகீழ்க் காற்றோடு தை வரைக்கும் இழுக்கும். லயத்துக்குப் பின்னால் பத்துக் கோழியும் இரண்டு பன்றியும் வைத்திருப்பவர்களுக்கு வேலை செய்ய இந்தக் கிழமையும் அடுத்த கிழமையுந்தான் இருக்கின்றன.

முதலில் கோழிக்கூடு. குளிருக்குப் பயந்து கூட்டை நாலு பக்கமும் பொலித்தீனால் சுற்றிக் கட்டுகிறோம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அதுவே கோழியைக் கொல்கிறது. வளர்ந்த கோழி இறகை உப்பிக்கொண்டு நம்மூர்ப் பனியைத் தாங்கும். அந்த இறகு காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூடிய கூட்டில் மூச்சின் ஈரமும் எச்சத்தின் அமோனியாவும் வெளியேற வழியில்லாமல் தங்கி, கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கின்றன. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து முகத்தை உள்ளே நீட்டிப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் இரவு முழுக்க அவற்றின் கண்ணும் எரிந்திருக்கிறது. காற்று அடிக்கும் பக்கம் கோழியின் உயரம் வரை படங்கு கட்டுங்கள். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியைத் திறந்தே விடுங்கள்.

தரையில் மரத்தூளோ நன்றாகக் காய்ந்த மானாப்புல்லோ நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். கையில் எடுத்துப் பிடித்தால் கட்டியாக ஒட்டும் படுக்கையை அன்றைக்கே அள்ள வேண்டும். இரத்தக் கழிச்சலைக் கொடுக்கும் கிருமி ஈரப் படுக்கையில்தான் பெருகும். அள்ளியதைக் குவித்து மூடி மக்கவிட்டால் கரட் பாத்திக்கு அதைவிட நல்ல உரமில்லை. மழைநாளில் கோழிக்கு மண்குளியல் கிடைக்காது. ஒரு பழைய தகரத்தில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து உள்ளே வையுங்கள். பேன் குறையும், கோழியும் சந்தோசப்படும். மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் ஒரு மணி நேரமானாலும் வெளியே மேய விடுங்கள்.

குஞ்சுகள் வேறு கதை. முதல் கிழமையில் அவற்றுக்கு 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாய் திறந்தால் சூடு அதிகம். கரண்ட் போன இரவில் கரிச்சட்டியை மூடிய காம்பராவுக்குள் வைக்காதீர்கள். அந்தப் புகையில்லாப் புகை குஞ்சோடு வீட்டாரையும் கொன்றுவிடும்.

ராணிக்கெட் தடுப்பூசியை இப்போதே, கோழிகள் சுகமாக இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். தீபாவளிக்கு டவுனில் வாங்கும் சேவலைப் பழைய கோழிகளோடு உடனே சேர்க்க வேண்டாம், இரண்டு மூன்று கிழமை தனியாக வையுங்கள். முனிக்கு நேர்ந்துவிட்ட சேவலானாலும் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். கக்கத்தில் அணைத்துத் தூக்கினால் அது துடிக்காது.

இனிப் பன்றி. மண்ணைக் கிண்டுவது அதன் பிறவிக் குணம். வெறும் சீமெந்தில் அடைத்தால் ஒன்றின் வாலை மற்றது கடிக்கும். ஆனால் அடைமழையில் சரிவில் கிண்ட விட்டால் மேல்மண் ஆற்றோடு போய்விடும். அதனால் மழை மாதங்களில் சமதரைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து, கிண்டும் வேலையை உள்ளேயே கொடுங்கள்: ஒரு கூடை மண், ஒரு கட்டை, முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். அந்தப் புல்லிலேயே அது கூடு கட்டிப் படுக்கும். குட்டி போடப்போகும் தாய்ப்பன்றிக்குச் சுவர் ஓரமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரைவிட்டுத் தள்ளி ஒரு கம்பு கட்டுங்கள். தாய் சாயும்போது குட்டி நசுங்காமல் ஒதுங்க அந்த இடம் போதும்.

தீனியில் கவனம் வேண்டும். மருந்தடித்த தோட்டத்துக் கோவா இலையை, எத்தனை நாளைக்கு முன் அடித்தார்கள் என்று கேட்காமல் அள்ளி வராதீர்கள். பச்சை நிறமேறிய, முளைவிட்ட உருளைக்கிழங்கில் நஞ்சு இருக்கிறது, அவித்தாலும் அது முழுதாகப் போகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஹோட்டல் எச்சில். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024 ஒக்டோபரில் இந்த நாட்டில் உறுதியானது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு அதற்கு மருந்தில்லை. சொசேஜ், பேக்கன் துண்டுகளில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நுவரெலியா ஹோட்டல்களில் சீசனில் வாளி வாளியாகக் கிடைக்கும் அந்தச் சாப்பாடு வேண்டாம் என்பதே என் கருத்து. வேறு வழியே இல்லையென்றால், இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கொதித்த பின்னும் ஒரு மணி நேரம் கிண்டிக் கிண்டி அவியுங்கள். காட்டுப்பன்றி கொட்டிலை உரசாதபடி இரட்டை வேலி போடுங்கள். ஆனால் சுருக்குக் கம்பி மட்டும் வைக்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படியொரு கம்பியில் மாட்டித்தான் செத்தது.

பன்றி தீனியைவிட்டு, காய்ச்சலடித்து, காது சிவந்து நீலம் பாரித்தால் அறுத்து விற்க நினைக்காதீர்கள். யாரையும் கொட்டிலுக்குள் விடாமல், அன்றைக்கே கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, கொட்டில் நிற்கும் இடம். 2007 ஜனவரியில் வலப்பனையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை நுவரெலியா மாவட்டத்து மேடுகளைக் குலைத்துப்போட்டது. லயத்துக்கு மேலேயுள்ள மேட்டை வெட்டிக் கொட்டில் போட்டிருந்தால் மழைக்கு முன் இடத்தை மாற்றுங்கள். கொட்டில் தண்ணீர் மேட்டுக்குள் இறங்காமல் கானுக்குப் போக வேண்டும். கதவில் பூட்டு இருந்தால் இன்றைக்கே கழற்றிவிட்டு, ஒரே இழுப்பில் அவிழும் கயிறு போடுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் அனுப்புங்கள். போகிற வழியில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். பிறகு எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள்.