காலடிப் பாறையையும் பாருங்கள்

ஒகேனக்கல் போகிறவர்கள் அருவியைப் படம் எடுத்ததும் மீன் வறுவல் கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். காவிரிக் கரை மர நிழலில் சற்றே நடந்து, பாறையைக் கவனியுங்கள்.

ஆட்டுக்கல் குழிபோல வட்டமாக, உள்பக்கம் வழவழப்பான குழிகள் தென்படும். யாரும் கொத்தியவை அல்ல. வெள்ளச் சுழலில் சிக்கிய கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை. சில குழிகளின் அடியில் அந்தக் கற்களே முனை மழுங்கிக் கிடக்கும்.

கறுப்பும் வெளுப்புமாக வரியோடிய பாறை, பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பிசைந்து உருவானது. இந்தப் பகுதிப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது! கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் வரிகள் பளிச்சென்று தெரியும். காலை, மாலைச் சாய்வெயில் இன்னும் நல்லது.

கீழே கிடக்கும் வெள்ளைக் கல்லை இரும்பு ஆணியால் கீறிப் பாருங்கள். கோடு விழாவிட்டால் குவார்ட்ஸாக இருக்கலாம். எளிதில் விழுந்தால் கால்சைட்டாக இருக்கலாம். பாறையில் கீற வேண்டாம், பெயர் எழுதுகிறவர்களே போதும்.

படம் எடுக்கும்போது அளவு புரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வையுங்கள்.

பாசிப் பாறையில் கால் வைக்காதீர்கள். கர்நாடக அணைகளில் நீர் திறந்தால், இங்கே மழையே இல்லாவிட்டாலும் ஆறு ஏறும். அறிவிப்பைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.