டாஃபர் என்றொரு வேலை

அன்புள்ள கயல்,

அமெரிக்கப் பஞ்சாலைச் சிறுவர்களைப் பற்றிப் படிக்கும்போது ‘டாஃபர்’ என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன வேலை என்று கேட்டிருந்தாய்.

நூற்பு இயந்திரத்தில் வரிசையாகக் கதிர்கள் சுழலும். ஒவ்வொன்றிலும் ஒரு பாபின். நூல் சுற்றச் சுற்றப் பாபின் பருத்துக்கொண்டே வரும். நிறைந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, அவற்றை மளமளவென்று உருவிப் போட்டுவிட்டு, வெறும் பாபின்களைச் செருக வேண்டும். இதைச் செய்பவர்தான் டாஃபர். இயந்திரம் நிற்கிற நேரமெல்லாம் முதலாளிக்கு நஷ்டம் என்பதால் கை பறக்க வேண்டும். நம் கோவைப் பக்கத்து மில்களிலும் இதற்கு டாஃபிங் என்றுதான் பெயர். இப்போது பல இடங்களில் ஆட்டோ டாஃபர் வந்துவிட்டது.

ஹாரியட் ஹான்சன் என்ற சிறுமி 1830-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரில், 10 வயதில் டாஃபராகச் சேர்ந்தாள். வாரச் சம்பளம் 2 டாலர். மணிக்குச் சுமார் 15 நிமிடம்தான் வேலை. மிச்ச நேரத்தில் படிக்கலாம், பின்னல் போடலாம், வெளியே விளையாடலாம் என்று பிற்காலத்தில் எழுதினார். சுகமான வேலை என்று தோன்றுகிறதா? பொறு. மில் நேரம் காலை 5 மணி முதல் இரவு 7 மணி வரை. நடுவே சாப்பாட்டுக்கு இரண்டு அரைமணி. அடுத்த பாபின் நிறைவதற்குள் திரும்பி வந்தாக வேண்டும். சில சமயம் வீட்டுக்குக் கொஞ்ச நேரம் போய்வர விட்டாலும், நாள் முழுக்க மில்லுக்குக் கட்டுப்பட்டே இருக்க வேண்டும். அந்த நீண்ட நேரம்தான் பெருங்கஷ்டம் என்று அவரே சொல்கிறார். 1836-இல் கூலிக் குறைப்பை எதிர்த்து லோவல் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, 11 வயது ஹாரியட்டும் உடன் வெளியேறினாள்.

லேசான வேலை என்று தோன்றினாலும் குழந்தைகளுக்கு அது லேசாக இருக்கவில்லை. 1909-இல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரின் பஞ்சாலையில் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படத்தைத் தேடிப் பார். உயரம் எட்டாத சிறுவன் வெறுங்காலோடு இயந்திரத்தின் மேலேயே ஏறி நிற்கிறான். ஆலைகளில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாடு தழுவிய தடை நிலைபெற 1938-இன் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஆகவே, பழைய வேலைப் பெயர் எதைக் கண்டாலும் அகராதிப் பொருளோடு நின்றுவிடாதே. கை என்ன செய்தது என்று கேள். ஆள் எத்தனை மணி நேரம் அங்கேயே கிடந்தார் என்றும் சேர்த்துக் கேள். கூலியை எடைபோட இரண்டாவது கணக்கும் வேண்டும்.

அன்புடன்,
மாமா