காய்ச்சல் நின்ற பின்னும் மாத்திரை ஏன்? மலேரியா சிகிச்சையில் 14 நாள்களின் கணக்கு

மலேரியா என்று ஆய்வகம் உறுதி செய்து சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று நாள்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் தணிந்துவிடுகிறது. நடுக்கம் நிற்கிறது, பசி எடுக்கிறது, வேலைக்குத் திரும்பும் எண்ணமும் வருகிறது. அந்நிலையில் மாத்திரை அட்டையில் இன்னும் பதினொரு நாள் மாத்திரைகள் மீதம் இருக்கும். 'நோய்தான் போய்விட்டதே, இவை எதற்கு?' என்ற கேள்வி நோயாளிக்கும் அவரைக் கவனிக்கும் குடும்பத்தினருக்கும் எழுவது இயல்பு. அந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் எவ்வாறு விடை கண்டது என்பதையும், அதில் வேலூருக்கும் கொழும்புக்கும் உள்ள பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு இடங்களில் தங்கும் நோய்

நம் நாட்டில் காணப்படும் மலேரியாவுக்குப் பெரும்பாலும் இரண்டு ஒட்டுண்ணிகள் காரணம். ஒன்று பிளாஸ்மோடியம் பால்சிபாரம்; மற்றொன்று பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். பால்சிபாரம் விரைவில் மூளை, சிறுநீரகம் முதலிய உறுப்புகளைத் தாக்கி உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக் கூடியது. சென்னையிலும் அதன் புறநகர்களிலும் மிகுதியாகக் காணப்படுவது வைவாக்ஸ் வகையே. அது 'இலேசான மலேரியா' என்று கருதப்படுவதுண்டு. அக்கருத்து முற்றிலும் சரியன்று. வைவாக்ஸும் சிலருக்குக் கடுமையாகலாம். அதைவிட முக்கியமாக, அது திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது.

நோய்க்கிருமியுள்ள அனாபிலிஸ் பெண் கொசு கடிக்கும்போது ஒட்டுண்ணிகள் உடலில் நுழைந்து முதலில் கல்லீரலை அடைகின்றன. அங்கே பெருகிய பின்னர் இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை அழிக்கின்றன. காய்ச்சலும் நடுக்கமும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் தோன்றுகின்றன. ஆனால் வைவாக்ஸ் ஒட்டுண்ணிகள் அனைத்தும் உடனே இரத்தத்திற்கு வருவதில்லை. ஒரு பகுதி கல்லீரலிலேயே உறங்கிக் கிடக்கிறது. சில வாரங்களோ பல மாதங்களோ கழித்து அவை விழித்தெழும்போது, புதிதாக ஒரு கொசுவும் கடிக்காமலேயே நோய் மீண்டும் வருகிறது. கல்லீரலில் உறங்கும் இந்த வடிவம் நுண்ணோக்கியில் அடையாளம் காணப்பட்டது 1980களின் தொடக்கத்தில்தான்.

இதனால் வைவாக்ஸ் மலேரியாவுக்கு இரண்டு மருந்துகள் தேவைப்படுகின்றன. மூன்று நாள் கொடுக்கப்படும் குளோரோகுயின் இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகளை அழித்துக் காய்ச்சலை நிறுத்துகிறது. கல்லீரலில் உறங்குபவற்றை அதனால் தொட முடியாது. அவற்றை அழிப்பது பிரைமாகுயின் என்னும் இரண்டாவது மருந்து. இரத்தப் பரிசோதனையும் இரத்தத்தில் உள்ளதை மட்டுமே காட்டும். கல்லீரலில் உறங்குவதைக் காட்டாது. எனவே 'இரத்தத்தில் ஒன்றுமில்லை' என்ற முடிவு வந்தாலும் பிரைமாகுயினை நிறுத்துவதற்கு அது காரணமாகாது.

ஐந்து நாளா, பதினான்கு நாளா?

பிரைமாகுயினை எத்தனை நாள் கொடுப்பது என்பதில் நீண்ட காலம் ஒருமித்த கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 14 நாள் முறையைப் பரிந்துரைத்தது. இந்தியாவின் தேசியத் திட்டத்திலோ பல பத்தாண்டுகளாக ஐந்து நாள் முறையே வழக்கத்தில் இருந்தது. அதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. நாட்கூலித் தொழிலாளர் 14 நாள் தொடர்ந்து மாத்திரை உட்கொள்வது கடினம். ஐந்து நாள் என்றால் முடித்துவிடுவார். ஐந்து நாள் உட்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பவில்லை என்ற அனுபவமும் இருந்தது.

அந்த அனுபவத்தில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. அதை ஓர் உதாரணக் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஐந்து நாள் மாத்திரை உட்கொண்ட நூறு பேரில் எண்பது பேருக்கு நோய் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றே தோன்றும். ஆனால் பிரைமாகுயினே உட்கொள்ளாத இன்னொரு நூறு பேரிலும் எண்பது பேருக்கு நோய் திரும்பவில்லை என்றால்? அந்த எண்பது பேரைக் காத்தது மருந்தன்று. அவர்களுக்கு எப்படியும் நோய் திரும்பியிருக்காது. வைவாக்ஸ் எல்லோருக்கும் திரும்புவதில்லை என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது நூறு பேர் இல்லாமல் மருந்தின் பயனை அளக்க இயலாது.

இத்தகைய ஒப்பீட்டு ஆய்வுகள் இந்தியாவிலேயே நடைபெற்றன. 1990களில் மும்பை கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையின் மருந்தியல் ஆய்வாளர்கள் ஐந்து நாள் முறையையும் 14 நாள் முறையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 14 நாள் முறை நோய் திரும்புவதைத் தடுத்தது. ஐந்து நாள் முறையால் அதைச் செய்ய இயலவில்லை. ஆயினும் ஒரு நகரத்தின் ஓர் ஆய்வைக் கொண்டு ஒரு நாட்டின் சிகிச்சை நெறியை மாற்றுவது எளிதன்று.

வேலூரும் கொழும்பும் இணைந்த ஆய்வு

சிதறிக் கிடக்கும் ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, தரம் பிரித்து, ஒரே கணக்கில் இணைத்துப் பார்க்கும் முறைக்கு முறைசார் மீளாய்வு என்று பெயர். காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு இத்தகைய மீளாய்வுகளைத் தொகுத்து வெளியிடுகிறது. பிரைமாகுயின் பற்றிய காக்ரேன் மீளாய்வு 2007 ஜனவரியில் வெளியானது. அதன் முதன்மை ஆசிரியர் கௌரி கலப்பத்தி, இலங்கை மலேரியா எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த பொதுச் சுகாதார மருத்துவர். உடன் பணியாற்றியவர்களுள் ஒருவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் பிரதாப் தரியன். அவர் மனநல மருத்துவர். தெற்காசியாவில் இத்தகைய சான்றாய்வுப் பணியை வளர்த்தவர்.

அவர்கள் புதிதாக எந்த நோயாளிக்கும் மருந்து கொடுக்கவில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் சில கேள்விகளால் சோதித்தனர். யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் போன்ற சார்பற்ற முறையில் முடிவு செய்யப்பட்டதா? எத்தனை மாதம் தொடர்ந்து கண்காணித்தனர்? இடையில் விலகிச் சென்றவர்கள் எத்தனை பேர்? இச்சோதனையில் தேறிய ஆய்வுகளே கணக்கில் சேர்ந்தன. 2013 ஆம் ஆண்டு வேலூரின் ரிச்சர்டு கிருபாகரனும் இணைந்து இந்த மீளாய்வைப் புதுப்பித்தபோது, அதில் 15 ஆய்வுகளும் அவற்றில் பங்கேற்ற நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளும் அடங்கியிருந்தனர்.

முடிவு தெளிவாக இருந்தது. குளோரோகுயினுடன் 14 நாள் பிரைமாகுயின் உட்கொண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. அதே அளவில் ஐந்து நாள் மட்டும் உட்கொண்டவர்களுக்கும், பிரைமாகுயினே உட்கொள்ளாதவர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. சுருங்கச் சொன்னால், ஐந்தாம் நாளில் நிறுத்துவது தொடங்காமலே இருப்பதற்குச் சமம்.

இன்று இந்தியாவின் தேசியச் சிகிச்சை நெறியும் 14 நாள் என்றே கூறுகிறது. உடல் எடைக்கேற்ப, ஒரு கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் அளவில் நாள்தோறும் ஒரு வேளை மருந்து கொடுக்கப்படுகிறது. வளர்ந்தவர்களுக்கு இது பொதுவாக 15 மில்லிகிராம்.

இந்த மீளாய்வை வழிநடத்திய மருத்துவரின் நாடு பின்னர் அடைந்த நிலையும் நினைவுகூரத் தக்கது. இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய மலேரியா கடைசியாகப் பதிவானது 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஒவ்வொரு நோயாளியையும் இரத்தப் பரிசோதனையால் கண்டறிந்து, முழுச் சிகிச்சை அளித்து, அதன் பின்னரும் விடாமல் கண்காணித்தது அவ்வெற்றியின் அடிப்படைகளுள் ஒன்று.

யாருக்குப் பிரைமாகுயின் கூடாது?

நல்ல மருந்தும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்னும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். இக்குறைபாடு ஆண்களிடம் மிகுதி. இவர்கள் பிரைமாகுயினை உட்கொண்டால் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான இரத்தசோகை ஏற்படலாம். எளிய இரத்தப் பரிசோதனையால் இதை அறிய முடியும். குறைபாடு உள்ளவர்களுக்கு வாரம் ஒரு முறை என எட்டு வாரங்களுக்கு மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கும் முறை உண்டு.

கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இம்மருந்து கொடுக்கப்படுவதில்லை. பாலூட்டும் தாய்மார் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கருவுற்றவர்களின் காய்ச்சலைக் குளோரோகுயினால் குணப்படுத்தலாம். பிரைமாகுயின் பற்றி மகப்பேற்றுக்குப் பின் மருத்துவர் முடிவு செய்வார். இக்காரணங்களால், ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வீட்டில் உள்ள மற்றவர் எடுத்துக்கொள்வது ஆபத்தானது.

கவனிப்போர் செய்யக் கூடியவை

ஆய்வுகள் பலவற்றில் நோயாளி மாத்திரையை விழுங்குவதை ஒரு பணியாளர் நேரில் பார்த்து உறுதி செய்வார். வீட்டில் அந்தப் பணியாளர் இல்லை. அவருடைய இடத்தில் இருப்பவர் குடும்பத்தினரே.

1. மாத்திரை தொடங்கிய நாளை நாட்காட்டியில் குறித்து, 14 நாள்களுக்கும் வட்டமிடுங்கள். விழுங்கிய பின் அன்றைய வட்டத்தை அடித்துவிடுங்கள்.

2. உணவுக்குப் பின் கொடுங்கள். வெறும் வயிற்றில் உட்கொண்டால் வயிற்றுவலியும் குமட்டலும் வரலாம். பலர் இடையில் நிறுத்துவதற்கு இதுவே காரணம்.

3. மாத்திரையை உட்கொண்டவுடன் வாந்தி எடுத்தாலோ, ஒரு நாள் தவறிவிட்டாலோ மருத்துவமனையைக் கேளுங்கள். மறுநாள் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

4. சிறுநீர் தேயிலைச் சாறு போலக் கருத்தாலோ, கண்கள் மஞ்சளானாலோ, முகம் வெளுத்து மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

5. நோயாளி முதல் நாளிலிருந்தே கொசுவலைக்குள் உறங்கட்டும். அவரைக் கடிக்கும் கொசு அடுத்தவருக்கு நோயைக் கொண்டு செல்லும்.

6. அடுத்த ஓர் ஆண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், முன்பு மலேரியா வந்ததை மருத்துவரிடம் சொல்லி இரத்தத் தடவல் எடுக்கச் செய்யுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இவை வைவாக்ஸ் நோயாளிகளுக்கான குறிப்புகள். பால்சிபாரம் மலேரியாவுக்கு ஆர்டீசுனேட் சேர்ந்த கூட்டு மருந்து மூன்று நாளும், பிரைமாகுயின் ஒரே ஒரு வேளையும் கொடுக்கப்படும். எந்த வகை என்பதை ஆய்வக முடிவுத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மயக்கம், குழப்பம், வலிப்பு, சிறுநீர் குறைதல், ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், எந்த வகை மலேரியாவாயினும், உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

நம் பகுதிக்குரிய ஒரு சொல்

நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. சாக்கடையை மட்டும் பார்த்தால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அண்ணனூர், திருமுல்லைவாயல், ஆவடி, அம்பத்தூர் ஆகிய இடங்களில் வீடுதோறும் உள்ள மேல்நிலைத் தொட்டி, தரைக்கடியில் உள்ள நீர்த்தொட்டி, பயன்படாத கிணறு, கட்டுமான இடங்களில் தேக்கி வைக்கும் நீர் ஆகியவையே அதற்கு ஏற்ற இடங்கள். தொட்டிகளை இடைவெளியின்றி மூடுவதும், மூட இயலாதவற்றை வாரம் ஒரு முறை காலி செய்து உலர விடுவதும், கிணறுகளில் கொசுப்புழுவை உண்ணும் கம்பூசியா மீன்களை விடுவதும் பயன் தரும். கட்டட வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்து தங்குவோருக்குக் காய்ச்சல் கண்டால், மாத்திரைக் கடையோடு நின்றுவிடாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி வைப்பது அவர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் நன்மை.

வருங்காலம்

14 நாள் என்பது நெடிய காலம் என்பதை ஆய்வாளர்களும் அறிவர். நாளொன்றுக்கான அளவைக் கூட்டி ஏழு நாளில் முடிக்கும் முறை ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் சோதிக்கப்பட்டு, 2019 ஆம் ஆண்டு நல்ல முடிவைத் தந்தது. ஒரே வேளை கொடுக்கக் கூடிய டாபெனோகுயின் என்னும் மருந்துக்கு 2018 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இவ்விரண்டுக்கும் ஜி6பிடி பரிசோதனை இன்னும் இன்றியமையாதது. எனவே 'ஏழு நாள் போதுமாம்' என்று கேள்விப்பட்டு நாமாகவே நிறுத்திவிடுதல் கூடாது. அங்கே ஏழு நாளில் கொடுக்கப்படும் மொத்த மருந்து, நம் கையில் உள்ள மாத்திரை அட்டையில் பதினான்காம் நாள் வரை இருப்பதைவிடக் குறைந்ததன்று.

மருத்துவர் மருந்துச் சீட்டில் எத்தனை நாள் எழுதியிருக்கிறாரோ, அத்தனை நாளும் உட்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் நிறுத்துவதற்கு முன் கேளுங்கள்.