விசைத்தறிக்கும் பம்பு செட்டுக்கும் ஏற்ற பியூஸ்

மின்விசை கொண்டு தொழில் நடத்தும் அங்கத்தினர்கள் பலர், பியூஸ் யந்திரத்தைக் காப்பதற்காக வைக்கப்பட்டது என எண்ணுகின்றனர். உண்மையில் அது முதலாவதாகக் காப்பது சுவரில் ஓடும் மின்கம்பியையே. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் பாயுமாயின் அதன் மேலுறை இளகித் தீப்பற்றும். அதற்கு முன்னரே பியூஸ் உருகித் தொடர்பை அறுத்துவிட வேண்டும். பஞ்சுத் தூசு படிந்த தறிக்கொட்டகையிலும், பனியன் துணி குவிந்த ராயபுரத்துக் கூடங்களிலும் இதன் அவசியத்தை விளக்க வேண்டுவதில்லை.

பீங்கான் கட்டையில் இடும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ., 30 ஆம்பியருக்கு 0.85 மி.மீ. விட்டமுடையது. குறித்த அளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு பாய்ந்தால்தான் இது விரைவில் உருகும். ஆதலால் மின்கம்பியின் தாங்குதிறனுக்குக் குறைவாகவே இதனைத் தேர்தல் வேண்டும். தணிக்கைக்குச் செல்லுமிடங்களிலோ, பழைய வயரில் உரித்த இழைகள் நான்கைந்தை முறுக்கிக் கட்டையில் இட்டிருக்கக் காண்கிறோம். "அடிக்கடி போய்விடுகிறது" என்பதே அதற்குக் கூறப்படும் சமாதானம்.

ஏன் போகிறது என்று ஆராய வேண்டாமா? 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4⅓ ஆம்பியரைச் சீராக வாங்கும். 5 ஆம்பியர் பியூஸ் அதற்குப் போதும். மோட்டாரின் இயல்பு வேறு. மும்முனை மின்சாரத்தில் ஓடும் 5 குதிரைத்திறன் பம்பு மோட்டார் ஓட்டத்தில் சுமார் 7½ ஆம்பியரே வாங்கினும், நேரடியாகத் தொடங்கும்பொழுது சில விநாடிகளுக்கு அதைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் பியூஸ் இதனைத் தாங்காது. மணல் நிரப்பிய பீங்கான் உறையுள்ள எச்.ஆர்.சி. பியூஸ், 20 ஆம்பியர் அளவில், இதற்கு வழக்கமாக இடப்படுகிறது. கம்பியும் அதற்கேற்ற பருமனில் இருத்தல் வேண்டும். எம்.சி.பி. வைப்போர் மோட்டாருக்கு 'பி' வகையை விடுத்து 'சி' வகையைக் கேட்டு வாங்குக.

இனி, மோட்டாரைக் காப்பது எது? மூன்று பியூஸில் ஒன்று மட்டும் போய்விட்டதெனக் கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்பதில்லை. எஞ்சிய இரு முனைகளிலிருந்து கூடுதலாக மின்சாரத்தை இழுத்து, உறுமிக்கொண்டே சூடேறும். அக்கூடுதல் 20 ஆம்பியரை எட்டாமையால் மற்ற பியூஸ்கள் உருகா. உள்ளிருக்கும் காயிலே கருகும். இதனைத் தடுப்பது ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே. மோட்டாரின் தகட்டில் பொறித்துள்ள ஆம்பியருக்கு அதனைத் திருத்தி வைத்தல் வேண்டும். ரிலே அடிக்கடி விழுகிறதென்று அளவைக் கூட்டிவைப்பது, பியூஸில் இழை முறுக்கிப் போடுவதற்கு ஒப்பானதே. காயில் கட்டிய செலவைச் சங்கத்தார் "பழுது" என்று மட்டும் கணக்கில் எழுதுகின்றனர். காரணத்தையும் ஒரு வரி எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அச்செலவு மிஞ்சக்கூடும்.

நியூட்ரல் கம்பியில் தனியே பியூஸ் வைத்தலை 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே விலக்கியிருந்தன. அது உருகினால் விளக்கு அணையும். ஆயினும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

பின்னல் யந்திரங்களின் எலக்ட்ரானிக் பலகையில் உள்ள கண்ணாடிக் குழல் பியூஸுக்கு ஆம்பியர் ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது. அதன் மூடியில் 'எஃப்' என்றிருப்பது விரைவில் உருகுவது; 'டி' என்றிருப்பது தாமதித்து உருகுவது. பழையதைக் கையோடு கொண்டுசென்று, அதே எழுத்துள்ளதையே வாங்குதல் வேண்டும்.