மீட்டர் போர்டில் விளக்கு எரிந்தால்: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார் வீட்டில் நின்றால், ஒரு நாள் காலையில் மீட்டர் போர்டில் மஞ்சளாக என்ஜின் படம் எரியத்தான் செய்யும். பதறிப்போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டு, சொன்ன பில்லைக் கட்டிவிட்டு வருபவர்களே அதிகம். நானும் கட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவை இவை.

1. சாவியை ‘ஆன்’ வரை திருப்பி, செல்ஃப் அடிக்காமல் நிறுத்துங்கள். என்ஜின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் சில நொடிகளில் அணைய வேண்டும். ஏதாவது ஒன்று எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது பழுதை மறைக்க யாரோ அதைக் கழற்றியிருக்கலாம். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது முதலில் இதைச் செய்யுங்கள்.

2. சிவப்பு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். மஞ்சள் நிலையாக எரிந்தால் வீடு வரை மெதுவாகப் போகலாம், சீக்கிரம் பார்த்துவிட வேண்டும்.

3. எண்ணெய்க் குவளை படம் சிவப்பாக எரிந்தால் என்ஜினை உடனே அணையுங்கள். “அடுத்த பங்க் வரைக்கும் போய்விடலாம்” என்று நினைக்காதீர்கள். அந்த விளக்கு காட்டுவது ஆயில் அழுத்தம் இல்லாமல் போனதை. அழுத்தம் இல்லாமல் ஓடினால் கிராங்க் பேரிங் சில நிமிடங்களில் தேய்ந்து என்ஜின் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. அழுத்தம் அறியும் சுவிட்ச் கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதை கேஜ் வைத்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

4. டெம்பரேச்சர் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். என்ஜின் சூட்டில் கொஞ்சம் அதன் வழியே வெளியேறும். நிறுத்த இடம் கிடைத்ததும் என்ஜினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

5. பேட்டரி விளக்கு எரிந்தவுடன் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். அது எரிவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்பதால். பெல்ட் இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சின்ன மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். என்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு 12.6 வோல்ட் பக்கத்தில் இருந்தால் பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கிறது. ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சமே நின்றால் கோளாறு சார்ஜிங்கில்தான்.

6. பிரேக் விளக்கு எரிந்தால் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். அடுத்து பிரேக் ஆயில் டப்பா. பேட் தேயத் தேய அந்த மட்டம் தானாகவே இறங்கும். அதனால் ஆயிலை மட்டும் நிரப்பிவிட்டு விடாமல் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

7. செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிறது (மிஸ்ஃபயர்) என்று பொருள். அந்தப் பெட்ரோல் சைலன்சருக்கு முன்னே உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். மாற்றுவதற்கு மிக விலையான பாகம் அது. ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரமாக நிறுத்துங்கள்.

8. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் கையை விட்டுத் துழாவினால் 16 பின் கொண்ட சாக்கெட் கிடைக்கும். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பி.எஸ்.4 கார்களுக்கு ஓபிடி 2 என்ற கோளாறு கண்டறியும் அமைப்பு கட்டாயமானது. அதற்கு முந்தைய பல கார்களிலும் இந்த சாக்கெட் உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் கோளாறு எண்ணை நீங்களே படிக்கலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சிலது இரவெல்லாம் பேட்டரியைக் குடிக்கும்.

9. எண்ணைப் படிப்பது எளிது. முதல் எழுத்து ‘பி’ (P) என்றால் என்ஜின், கியர்பாக்ஸ். ‘சி’ என்றால் பிரேக், சஸ்பென்ஷன் பக்கம். ‘யு’ என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தொடர்பு. ஆங்கிலத்தில் இன்னொரு ‘பி’ (B) உண்டு, அது ஏர்பேக் போன்ற பாடி சம்பந்தப்பட்டது. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது. 1 என்றால் அந்தக் கம்பெனியின் தனிக் குறி. என்ஜின் ‘பி’ (P) வரிசையில் 0301 முதல் சிலிண்டரின் மிஸ்ஃபயர், 0303 மூன்றாவதன் மிஸ்ஃபயர், 0171 காற்று அதிகம் பெட்ரோல் குறைவு, 0420 கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை.

10. இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். எண் சொல்வது எந்த இடத்தில் தொந்தரவு என்பதை. எந்தப் பாகம் கெட்டது என்பதை அது சொல்லாது. என் காரில் 0171 வந்தபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டார்கள். ஒரு வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. சென்சார் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதைப் போய் மாற்றியிருக்கிறார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, என்ஜினை ஐடிலில் ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். ‘உஸ்’ என்று மெலிதாக ஒரு சத்தம். ஒரு ரப்பர் ஹோஸ், கிளிப் போட்ட இடத்துக்குக் கீழ்ப்புறம், கண்ணுக்குத் தெரியாத மாதிரி வெடித்திருந்தது. விரலால் அழுத்தியதும் சத்தம் நின்றது, ஐடில் இறங்கிச் சமமானது. ஒரு சாண் ஹோஸ்தான். அதனால் ஒர்க்‌ஷாப்பில் “எண் என்ன, எதைச் சோதித்து இந்தப் பாகம் என்று முடிவு செய்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

11. 0301 வந்து, பிளக் ஒவ்வொன்றுக்கும் தனிக் காயில் உள்ள காராக இருந்தால், செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. என்ஜின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, முதல் காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றுங்கள். எண்ணை அழித்து ஓட்டிப் பாருங்கள். 0303 என்று மாறி வந்தால் காயில் போயிற்று. 0301 ஆகவே நின்றால் பிளக், அடுத்து இன்ஜெக்டர் என்று பார்க்க வேண்டும்.

12. சம்பந்தமே இல்லாத ஐந்தாறு எண்கள் ஒரே நேரத்தில் வந்தால் ஐந்தாறு பாகங்கள் கெட்டுவிடவில்லை. பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா, எர்த் வயர் போல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். அடுத்தது எலி. பானெட்டுக்குள் புழுக்கை, தேங்காய் நார், கடித்த வயர் என்று தடயம் இருக்கும்.

13. ஏர்பேக் விளக்கு விஷயத்தில் கைவைக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர் தளர்வதால் அது எரிவதுண்டு. ஆனாலும் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள்.

14. எண்ணை அழிப்பதற்கு முன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பகுதியில் கோளாறு வந்த நொடியில் ஆர்பிஎம், வேகம், சூடு என்னவென்று பதிவாகியிருக்கும். அழித்தால் பெரும்பாலும் அதுவும் போய்விடும். டேஷ்போர்டு பெட்டியில் ஒரு சின்ன நோட்டு போட்டு, தேதி, கிலோமீட்டர், எண், மழையா வெயிலா, என்ன மாற்றினார்கள் என்று எழுதுங்கள். மழை நாளில் மட்டும் வரும் மிஸ்ஃபயரை என் நோட்டில் மூன்றாவது முறை எழுதியபோதுதான் கவனித்தேன். பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.