மூன்றாவது கார்டு எதற்கு?

கேள்வி: நான் கிள்ளான்வாசி. நாங்கள் ஐந்து நண்பர்களும் பள்ளிக் காலம் தொட்டு சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ரசிகர்கள். 2025 ஜூன் 26 காலை எட்டு மணிக்கு, ஐவரும் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவன் வீட்டில் உட்கார்ந்து, என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டைப் பார்த்தோம். இரண்டாவது தேர்வாக ஸ்பர்ஸ் டிலன் ஹார்ப்பரை எடுத்ததும் சண்டை தொடங்கியது. டியாரன் ஃபாக்ஸ் இருக்கிறார், ஸ்டெஃபன் காசல் இருக்கிறார், பந்தை நடத்த மூன்றாவது கார்டு எதற்கு என்று ஒருவன். எடுப்பதென்றால் வி.ஜே. எட்ஜ்கோம்பை எடுத்திருக்கலாம் என்று இன்னொருவன். வாட்சாப் குழுவை விட்டே ஒருவன் போய்விட்டான். இன்னொரு விஷயம். எங்கள் தாமானில் 18 வயதுக்குட்பட்ட பையன்கள் அணியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பாயிண்ட் கார்டு இடத்துக்கு இரண்டு பையன்கள். ஒருவன் மின்னல் வேகம், புள்ளிகளைக் குவிப்பான். மற்றவன் கொஞ்சம் மெதுவானவன், ஆனால் நல்ல பாஸ் போடுவான். யாரை வைத்துக்கொள்வது? எதைப் பார்த்து முடிவெடுப்பது?

— கூடைப்பந்து ரசிகர், கிள்ளான்

பதில்: தம்பி, குழுவை விட்டுப் போன நண்பனை முதலில் திரும்பக் கூப்பிடுங்கள். மூன்றாவது கார்டு எதற்கு என்று கேட்டவனாக அவன் இருந்தால், அவனுக்கும் அணி மேல் அக்கறைதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நாள் அதுவல்ல. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் பிப்ரவரி மாதத்தில் அதைக் கேட்கலாம். டிராஃப்ட் அன்றைக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பத்தொன்பது வயதுப் பையன்களில் யார் பெரிய ஆட்டக்காரனாக வளர்வான்? இன்றைக்கு அணியில் எந்த இடம் காலி என்பது இரண்டே வருடத்தில் மாறிவிடும். எடுத்த பையன் பத்து வருடம் கூட வருவான். ஹார்ப்பரை எடுத்தது சரி என்பதுதான் என் கருத்து.

1984ல் போர்ட்லாண்ட் அணி, தன்னிடம் கிளைட் டிரெக்ஸ்லர் இருக்கிறார் என்று மைக்கேல் ஜோர்டானை விட்டுவிட்டு சாம் போவியை எடுத்த கதை உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அதை விடுவோம். இன்னும் சூடு ஆறாத கதை சாக்ரமெண்டோவுடையது. உங்கள் ஃபாக்ஸ் அதில் நடுநாயகம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

சாக்ரமெண்டோ 2017ல் ஐந்தாவது தேர்வாக ஃபாக்ஸை எடுத்தது. அடுத்த வருடம் இரண்டாவது தேர்வு அவர்கள் கைக்கு வந்தது. லூகா டான்சிச் எதிரே நிற்கிறார். பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்த நம்மிடம்தான் ஃபாக்ஸ் இருக்கிறாரே என்ற பேச்சு அப்போது பலமாக அடிபட்டது. மார்வின் பேக்லியை எடுத்தார்கள். டான்சிச் டல்லாஸ் போய்ச் சேர்ந்தார். 2020ல் பன்னிரண்டாவது இடம் வரை வழுக்கி வந்த டைரிஸ் ஹாலிபர்ட்டனை எடுத்தபோது, இந்தத் தடவை பாடம் படித்துவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஃபாக்ஸும் ஹாலிபர்ட்டனும் ஒன்றரை வருடம் சேர்ந்து ஆடினார்கள். 2022 பிப்ரவரியில் ஹாலிபர்ட்டனை இண்டியானாவுக்குக் கொடுத்து சபோனிஸை வாங்கினார்கள். 2025 பிப்ரவரியில் ஃபாக்ஸும் கிளம்பிவிட்டார், உங்கள் சான் அன்டோனியோவுக்கு. அதே வருடம் ஜூனில் ஹாலிபர்ட்டன் இண்டியானாவை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போய், அந்த ஆட்டத்திலேயே குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். ஆக, யாருக்கு இடம் விட வேண்டும் என்று டான்சிச்சை விட்டார்களோ, அவரும் இப்போது சாக்ரமெண்டோவில் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் 2009. மினசோட்டாவிடம் ஐந்தாவது தேர்வும் ஆறாவது தேர்வும் இருந்தன. இரண்டிலும் பாயிண்ட் கார்டையே எடுத்தார்கள்: ரிக்கி ரூபியோ, ஜானி ஃபிளின். ஏழாவதாக கோல்டன் ஸ்டேட் ஸ்டீஃபன் கரியை எடுத்தது. ஒரே இடத்துக்கு இரண்டு பேரை எடுத்ததுதான் மினசோட்டாவின் தவறு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு கார்டு எடுத்தது குற்றமே இல்லை. எடுத்த இருவரில் ஒருவர்கூட கரி இல்லை என்பதுதான் குற்றம். கோல்டன் ஸ்டேட்டும் காலி இடம் பார்த்து எடுக்கவில்லை. அங்கே மோன்டா எல்லிஸ் இருந்தார், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. கரியோடு சேர்ந்து ஆட முடியாது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2012 மார்ச்சில் எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பியபோது, சில நாள் கழித்து மைதானத்தில் பேச எழுந்த அணி உரிமையாளரை ரசிகர்கள் கூச்சல் போட்டுப் பேசவிடாமல் செய்தார்கள். கரி அந்தப் பருவத்தில் கணுக்கால் வலியோடு 26 ஆட்டம்தான் ஆடியிருந்தார். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். மூன்று வருடம் கழித்து, 2015ல், கோப்பை வந்தது.

எட்ஜ்கோம்ப் பெயரைச் சொன்ன நண்பனுக்கு ஒரு வார்த்தை. அவரும் கார்டுதானே? ஆகவே அவனுடைய வாதம் 'கார்டு வேண்டாம்' என்பது அல்ல, 'வேறு மாதிரி கார்டு வேண்டும்' என்பது. உங்களுக்குள் நடந்த சண்டையில் மதிக்கத்தக்க எதிர்வாதம் அதுதான். பஹாமாஸ் பையன், நல்ல எம்பு, எதிராளியை விடாமல் காவல் காப்பார், பந்து கையில் இல்லாவிட்டாலும் பயன்படுவார். பந்தை நடத்த ஏற்கெனவே இருவர் இருக்கும் அணிக்கு அப்படிப்பட்டவர் பொருந்துவார் என்பது நியாயமான பேச்சு.

ஏனென்றால் ஸ்பர்ஸின் உண்மையான கவலை எண்ணிக்கை அல்ல, தூர எறிதல். காசல் 2024-25 பருவத்தின் சிறந்த புதுமுகம். ஆனால் மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு முப்பதுகூடப் போகவில்லை. ஃபாக்ஸும் அதில் சுமார்தான். ஹார்ப்பர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் போட்டார். இவர்களில் இருவர் ஒன்றாக நிற்கும்போது பந்து ஒருவரிடம் இருக்கும். மற்றவர் கோட்டுக்கு வெளியே நிற்பார். அவர் எறிந்தால் எறியட்டும் என்று அவரைக் காக்க வேண்டியவன் விட்டுவிட்டு, உள்ளே போய் உங்கள் சென்டர் வெம்பன்யாமாவின் இடுப்பில் ஒட்டிக்கொள்வான். ஏழடிக்கும் மேலான மனிதருக்குத் திரும்ப இடம் இருக்காது. ஹார்ப்பர் பந்தில்லாத நேரத்தில் என்ன செய்யப் போகிறார் என்பதில்தான் இந்தத் தேர்வு பழுக்கும், அல்லது வெம்பும்.

நம்பிக்கை வைக்க உங்கள் அணியின் சொந்தக் கதையே போதும். டோனி பார்க்கர் 2001ல் 28வது தேர்வு. முதல் பயிற்சிப் பார்வையில் பயிற்சியாளர் போப்போவிச்சுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. இன்னொரு தடவை பார்க்கலாம் என்று வற்புறுத்திக் கூப்பிட வைத்தவர்களில், அப்போது சின்ன உத்தியோகத்தில் இருந்த சாம் பிரெஸ்டியும் ஒருவர். (இதே பிரெஸ்டிதான் பிற்பாடு ஓக்லஹோமாவுக்கு ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரைக் கொண்டுவந்தார். டிராஃப்டில் பதினோராவதாகப் போன அந்தக் கார்டு 2025ல் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார், கோப்பையும் வென்றார்.) மனு ஜினோபிலி 1999ல் 57வது தேர்வு, அநேகமாகக் கடைசி. பார்க்கரும் ஜினோபிலியும் பந்து கையில் வேண்டும் என்கிற ரகம்தான். ஆனால் ஜினோபிலி ஆட்டத் தொடக்கத்தில் பெஞ்சில் உட்காரச் சம்மதித்தார். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மனிதர் அப்படிச் சம்மதித்தார். இருவரும் சேர்ந்து மொத்தம் நான்கு கோப்பை எடுத்தார்கள். ஹார்ப்பரின் தகப்பனார் ரான் ஹார்ப்பரும் இதற்கு ஒரு சாட்சி. இளம் வயதில் புள்ளிகளைக் குவித்தவர், சிகாகோவுக்குப் போனதும் ஜோர்டான் பக்கத்தில் காவல் காக்கும் வேலையை ஏற்றுக்கொண்டு, அங்கே மூன்று, லேக்கர்ஸில் இரண்டு என்று ஐந்து கோப்பை வாங்கினார். பந்தில்லாமல் எப்படிப் பயன்படுவது என்பதை அந்த வீட்டில் யாரும் தனியாகப் படிப்பிக்க வேண்டியதில்லை.

எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று கேட்டீர்கள். புள்ளிப் பட்டியலைக் கடைசியில் பாருங்கள். ஹார்ப்பர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 19 புள்ளி எடுத்தார். அவர் பக்கத்தில் ஏஸ் பெய்லி, ஐந்தாவது தேர்வாகப் போனவர். அப்படி இருவர் இருந்தும் ரட்கர்ஸ் 15 வெற்றி, 17 தோல்வி. புள்ளி ஒரு கதை சொல்கிறது, வெற்றிக் கணக்கு வேறு கதை சொல்கிறது. நான் மூன்று இடங்களில் கண் வைப்பேன். இருவர் சேர்ந்து மடக்கும்போது பையனின் தலை நிமிர்ந்து இருக்கிறதா, பந்தைப் பார்த்துக் குனிகிறதா? பாஸ் போட்டுவிட்டு நிற்கிறானா, ஓடுகிறானா? பந்தைப் பறிகொடுத்த அடுத்த இரண்டு விநாடி கையை விரித்து நடுவரைப் பார்க்கிறானா, திரும்பி ஓடுகிறானா? தூர எறிதல் வளருமா என்று தெரிய வேண்டுமானால் ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். ஆளில்லாத இடத்தில் ஒழுங்காகப் போடுகிறவனின் கை பெரும்பாலும் பின்னால் கோட்டுக்கு வெளியிலிருந்தும் திருந்தும்.

உயரத்தையும் பாய்ச்சலையும் மட்டும் பார்க்கிறவர்கள் எதைத் தவறவிடுவார்கள் என்பதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். கோலாலம்பூர் ஜாலான் ஹாங் ஜெபாட்டில் இருக்கும் மாபா அரங்கம் போதும். ஜேசன் பிரிக்மன் என்று ஒரு கார்டு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் ஆயிரம் அசிஸ்ட்டைத் தொட்ட நான்காவது மனிதர். 2014 டிராஃப்டில் அறுபது பெயர் வாசித்தார்கள், அவர் பெயர் இல்லை. அவர் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் சட்டை போட்டார். நம் கிள்ளான் துறைமுகத்து வெஸ்ட்போர்ட்ஸ்தான், ஞானலிங்கம் குடும்பத்தின் கையில் வளர்ந்த அதே வெஸ்ட்போர்ட்ஸ். 2016ல் ஆசியான் கூடைப்பந்து லீக் இறுதியில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை 3-2 என்று வென்று டிராகன்ஸ் கோப்பை எடுத்தது. பிரிக்மன் எதிராளியை வேகத்தால் தாண்டிப் போகிறவர் அல்ல. எல்லாரும் ஓடும்போது அவர் அரை விநாடி நிற்பார். அந்த அரை விநாடியில் கூடைக்கு அடியில் ஒருவன் தனியாக நிற்பான், பந்து அவன் கையில் இருக்கும்.

இனி உங்கள் தாமான் பையன்கள். இதைச் சொல்லுமுன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு நான் பயிற்சி கொடுத்த அணிக்குப் பதினைந்து வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் வந்தான். பந்துத் திடல் இல்லாத பள்ளியில் படித்தவன். பக்கத்துச் சீனப் பள்ளித் திடலில், வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். 'தம்பி, என்னிடம் இரண்டு பாயிண்ட் கார்டு இருக்கிறார்கள், அடுத்த வருடம் வா' என்றேன். அவன் மறுபடி வரவில்லை. அந்த இருவரில் ஒருவன் மூன்றே மாதத்தில் குடும்பத்தோடு ஜொகூருக்கு மாறிப் போனான், மற்றவன் தேர்வுக் காலம் என்று நின்றுவிட்டான். பாயிண்ட் கார்டு இல்லாமல் அந்தப் பருவத்தை ஆடி முடித்தோம். என் அணி தோற்றது இப்போது எனக்கு வலிக்கவில்லை. கூடைப்பந்துக்கு வருகிற நம் பிள்ளைகளே கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான். அதில் ஒருவனை, காலி இடம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன் என்பதுதான் வலிக்கிறது.

ஆகவே இருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். என்.பி.ஏ. அணிக்குச் சம்பளக் கட்டு உண்டு, உங்களுக்கு இல்லை. இன்னும் இரண்டு சட்டை தைக்க எத்தனை ரிங்கிட் ஆகிவிடும்? யார் முதலில் இறங்குவது என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும். அதற்கு, நான்கு சனிக்கிழமை இருவரையும் எதிரெதிராக ஆடவிடாமல் ஒரே பக்கத்தில் ஆடவிடுங்கள். முதல் பாதியில் ஒருவன் பந்தை மேலே கொண்டுவரட்டும், இரண்டாம் பாதியில் மற்றவன். எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதியைக் கறாராக எண்ணுங்கள், இரண்டு பேரை விட்டு மடக்கச் சொல்லுங்கள். வேகக்காரனுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: பந்தை மூன்று தட்டுக்கு மேல் தட்டக் கூடாது. அப்போது அவன் கண் நிமிர்கிறதா என்று தெரிந்துவிடும். மெதுவானவனை இடது கையால் மட்டும் ஆடச் சொல்லுங்கள். அவன் மெதுவாக இருப்பது காலாலா, தயக்கத்தாலா என்பது விளங்கிவிடும். தயக்கமென்றால் ஆறு மாதத்தில் தீரும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பந்து கையில் இல்லாதபோது ஒவ்வொருவனும் என்ன செய்தான் என்பதை மட்டும் எழுதுங்கள். ஓடினான், நின்றான், தடுத்துக் கொடுத்தான், கை தட்டினான், தலை குனிந்தான், இப்படி. புள்ளியை யாராவது எண்ணிக்கொள்வார்கள். நான்காவது சனிக்கிழமை முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம். எழுதும் வேலைக்குக் குழுவை விட்டுப் போன நண்பனையே உட்கார வையுங்கள்.