ஓடாத கார் புதிய கார் ஆகாது

பழைய குடும்பக் கார்களுக்கு இப்போது ஒரு மவுசு வந்திருக்கிறது. ஒரு காலத்தில் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பிரீமியர் பத்மினியும் அம்பாசடரும் இன்று தேடிப்பிடித்து வாங்கும் பொருளாகிவிட்டன. அவற்றிலும் "ஒரே ஓனர், 23 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்று சொல்லப்படும் வண்டிக்குத் தனி விலை. வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் இந்த ஆசைக்கு இன்னொரு வாசலும் உண்டு. அப்பா வாங்கிய கார் ஊரில் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருக்கும். அதை எழுப்பி மும்பைக்கோ பெங்களூருக்கோ கொண்டுவர வேண்டும் என்று மகனோ மகளோ நினைப்பார்கள்.

வாங்குவோர், எழுப்புவோர் ஆகிய இரு சாராருக்கும் பயன்படும் பாடம் ஒன்றே. குறைவாக ஓடியது என்பதால் ஒரு கார் நல்ல கார் ஆகிவிடாது. ஓடுவதால் தேய்வது ஒரு வகைக் கேடு. நிற்பதால் அழிவது மற்றொரு வகைக் கேடு. மீட்டர் முதல் வகையை மட்டுமே கணக்கிடும்.

எந்தக் கார்கள்?

இந்தியாவின் பழைய குடும்பக் கார்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருபவை மூன்று. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த கார் 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்றும், 1970-களின் முற்பகுதியில் சில காலம் பிரீமியர் பிரசிடென்ட் என்றும், பின்னர் பத்மினி என்றும் பெயர் பெற்றது. 1089 சி.சி. இன்ஜின், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். மும்பையில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்ஸிக்கு அங்கே 20 ஆண்டே ஆயுள் வரம்பு என்பதால், 2023 அக்டோபர் இறுதியோடு அந்த வரிசை முடிவுற்றது.

கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான அம்பாசடர் 2014 மே மாதம் வரை தயாரிக்கப்பட்டது. மூன்றாவது, நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அதன் தம்பியான கசெலும். கசெல் 1970-களிலேயே நின்றுவிட்டது.

டாக்ஸிகளாக ஓடிய காரணத்தால் முதல் இரண்டுக்கும் இன்ஜின், கியர், பிரேக் சாமான்கள் இன்றும் ஓரளவு கிடைக்கின்றன. மும்பையில் குர்லா, சோர் பஜார், தில்லியில் மாயாபுரி, கல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை ஆகிய இடங்களில் தேடலாம். கிடைக்காதவை எவை என்றால் கண்ணாடி, குரோம் பட்டைகள், விளக்கு மூடிகள், கதவு ரப்பர் ஆகியவையே. ஆகவே இன்ஜின் நின்றுபோன, ஆனால் உறுப்புகள் முழுமையாக உள்ள கார், இன்ஜின் ஓடும் அரைகுறைக் காரைவிட மேலானது. ஹெரால்டு வாங்குவோர் இதை இரு மடங்கு நினைவில் வைக்க வேண்டும்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

அக்கால மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999-ஐத் தாண்டினால் மீண்டும் பூஜ்யம். ஆகவே 23,000 என்பது 1,23,000 ஆகவும் இருக்கலாம். காரே சாட்சி சொல்லும், கேட்கத் தெரிந்தால் போதும். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா? டிரைவர் பக்கக் கதவு திறந்ததும் கீழே தொங்குகிறதா? ஸ்டியரிங் வளையம் கைபட்டு மினுங்குகிறதா? பழைய சர்வீஸ் பில்களிலும் புகைச் சான்றிதழ்களிலும் எழுதியிருக்கும் கிலோமீட்டர் வரிசையாக ஏறுகிறதா? இவை நான்கும் ஒத்துப்போனால் மீட்டரை நம்பலாம்.

நம்பிய பின்னும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 ஆண்டில் 23,000 கிலோமீட்டர் என்றால் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர். இது இரண்டு விதமாக நடந்திருக்கலாம். தினமும் பக்கத்துத் தெரு வரை போய் வந்திருக்கலாம். அப்படியானால் இன்ஜின் ஒருநாளும் முழுச் சூடு ஏறியிருக்காது. உள்ளே படிந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து களியாகியிருக்கும். அல்லது முதல் மூன்று நான்கு ஆண்டு நன்றாக ஓடிவிட்டு, மற்ற ஆண்டுகளெல்லாம் அசையாமல் நின்றிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆகவே விற்பவரிடம் "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்பதோடு "எந்த ஆண்டு வரை ஓடியது? அதன்பின் எங்கே நின்றது?" என்றும் கேளுங்கள்.

எங்கே நின்றது என்பது சிறிய கேள்வி அன்று. கோவையிலோ புனேயிலோ மூடிய ஷெட்டில் நின்ற காரும், மும்பையிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் நின்ற காரும் ஒன்றல்ல. பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். தரைத் தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும் துருவேறினால் காரின் முதுகெலும்பே போயிற்று என்று பொருள். கம்பளத்தைத் தூக்கி, டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்து, பேட்டரி வைக்கும் தட்டின் அடியில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பெங்கும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை. பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். துருவைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் டிங்கரிங் செலவு தெரியும்.

காகிதங்கள்

காரைப் பிடிக்குமுன் காகிதத்தைப் பிடிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்திருக்க வேண்டும். பழைய கையெழுத்துப் புத்தகமாயின் அதன் விவரம் ஆர்.டி.ஓ. கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். கடன் வாங்கி வாங்கிய காராயின் அந்த அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

அப்பாவின் கார் அவர் காலத்துக்குப் பின்னும் அவர் பெயரிலேயே இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்றக் கோர வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தாலும் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். ரிப்பேர் எல்லாம் பிறகு.

வேறு மாநிலத்துக்குக் கொண்டுவருவதாயின் பழைய ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். 12 மாதத்துக்கு மேல் புதிய மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய எண் பெற வேண்டும். வரியும் அந்த மாநில விதிப்படியே. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கை, 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ஆக்கியது. தில்லிச் சுற்றுவட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் காருக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த தடையும், 2025-ல் அதைத் தொட்டு வந்த ஆணைகளும் உள்ளன. தில்லி அன்பர்கள் அன்றைய நிலையைக் கேட்டறியாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த, அசல் வடிவம் மாறாத கார்களுக்கு 2021 ஜூலை முதல் 'விண்டேஜ்' பதிவு என்று தனியாக ஒன்று உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பராமரிக்கவும்தான் தெருவில் எடுக்கலாம். வாரந்தோறும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக நினைப்பவருக்கு அது உதவாது.

எழுப்பும் முறை

நெடுநாள் நின்ற காரைக் கண்டதும் பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்புவதுதான் எல்லாரும் செய்வது. அதுவே செய்யக்கூடாதது. உலர்ந்த சிலிண்டரில் துருப்பிடித்த ரிங்குகள் உரசினால், குறைவாக ஓடிய இன்ஜினின் நன்மை அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். கீழ்க்கண்ட வரிசையில் செய்க.

1. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கையால் இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம், மீண்டும் ஊறவிடுங்கள்.

2. பழைய ஆயிலை வடித்துப் புதிய ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். ரேடியேட்டரைக் கழுவி, ஹோஸ் பைப்புகளையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்றுங்கள்.

3. டாங்கிலுள்ள பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். டாங்கைக் கழற்றிக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பு உண்டு. அக்கால ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, கசிந்தால் தீப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைக் கேட்டு வாங்கி மாற்றுங்கள்.

4. ஒயரிங்கை முனை முதல் முனை வரை பாருங்கள். நின்ற காரில் எலி குடியிருக்கும். கடித்த ஒயரில் டேப் சுற்றுவது வைத்தியம் ஆகாது.

5. பிளக் மாட்டாமலே செல்ஃபைச் சுற்றவிட்டு, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். ஆயில் எங்கும் ஏறிய பிறகே பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மறுபடி மாற்றுங்கள்.

இன்ஜின் உயிர்பெற்ற மகிழ்ச்சியில் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கத் தோன்றும். பிரேக் வேலை முடியும் வரை வண்டி ஓர் அடியும் நகரக்கூடாது.

பிரேக்கே உயிர்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நின்ற காரில் அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டர்களிலும் துருக்குழிகளை உண்டாக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து விறைத்திருக்கும். முதல் நாலைந்து முறை பெடல் நன்றாகவே பிடிக்கும், ஏமாறுவது இங்கேதான். அந்த வாஷர் துருக்குழியின் விளிம்பில் உரசிக் கிழிந்ததும் பெடல் தரையைத் தொடும். அக்காலக் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் பாதைதான். ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும்.

ஆகவே, பிரேக் பிடிக்கிறது என்று மெக்கானிக் சொன்னாலும் எல்லாச் சிலிண்டர்களையும் பிரித்து, துருக்குழி உள்ளவற்றை மாற்றி, ரப்பர்கள், ஹோஸ்கள், ஆயில் யாவையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தனியே சோதியுங்கள். டயரில் பட்டன் தேயவில்லையே என்று எண்ண வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம் செய்தது. பத்தாண்டைத் தாண்டிய டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் ஓட்டத்துக்கு ஆகாது; ஸ்டெப்னியும் அப்படியே.

இந்தக் கார்களில் காற்றுப்பை இல்லை. பெரும்பாலானவற்றில் பின்சீட்டுக்கு பெல்ட்டும் இல்லை. பேரக்குழந்தைகளை ஏற்றுமுன் தகுந்த ஆளைக் கொண்டு பெல்ட் பொருத்துங்கள். ஒரு தீயணைப்பான் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, பழைய சாலையில் அறுபதில் போவதே இந்தக் காருக்கும் நமக்கும் நல்லது.

எப்போது விட்டுவிட வேண்டும்?

காரின் விலை எவ்வளவோ அவ்வளவு தொகை தனியே கையில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். எண்கள் ஒத்துவராத கார், தரைத் தகடு முழுதும் துருவேறிய கார், கண்ணாடியும் விளக்கும் போன அபூர்வக் கார் ஆகிய மூன்றையும் விலை எவ்வளவு குறைந்தாலும் கைவிடுங்கள். அப்பாவின் காரே அப்படி ஆகிவிட்டது என்றால், அதன் நல்ல உறுப்புகளை அதே ரகக் கார் வைத்திருப்பவருக்குக் கொடுத்து, எஞ்சியதை முறைப்படி கழித்துப் பதிவை ரத்து செய்துவிடலாம். பாசத்துக்காகச் சேமிப்பைக் கரைத்து, கடைசியில் பிரேக் வேலையில் மிச்சம் பிடிப்பதைவிட அது மேல்.

எழுப்பிய பிறகு மறுபடி உறங்கவிடாதீர்கள். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும். வாரம் ஒருமுறை இருபது கிலோமீட்டராவது, இன்ஜின் நன்றாகச் சூடேறும்படி ஓட்டுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாமல் காற்றுப் போகும் துணியால் மூடுங்கள். மீட்டரில் எண் ஏறுகிறதே என்று வருந்த வேண்டாம். வண்டியை நீண்ட நாள் வாழவைப்பது அந்த ஓட்டமே.